பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கண்ணாடி

மன்சூரா
3 பிப்ரவரி 1986

என் உயிருக்குயிரான தங்கை நஜ்வாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் நலம். நீயும் ஃபத்ஹியும் இமாதும் அந்தக் குவைத் மண்ணில் நலமாயிருக்க வேண்டும் என்று தொழுகைதோறும் துஆ செய்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கருஞ்சீரக எண்ணெய் தடவச் சொன்னேனே, தடவினாயா? இங்கே குளிர் இன்னும் விடவில்லை. என்னவர் மஹ்ரூஸ் இருமிக்கொண்டேதான் ரயில் நிலையத்துக்குப் போய் வருகிறார். டிக்கெட் கொடுக்கிற சன்னல் உடைந்து போய்க் கிடக்கிறது, மாற்றித்தர ஆளில்லை. எங்கள் பெண் ராவியா பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளென்றால் உயிரை விடுகிறார்கள்.

ஒரு உதவி வேண்டும். உன் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் கேட்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண். படித்து முடித்தவள். கொஞ்ச நாளாக அவளுக்குப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது; ஊசியில் நூல் கோர்ப்பாள், செய்தித்தாளின் பொடி எழுத்தையும் படிப்பாள். சுற்றுப்புறம்தான் ஒன்றும் தெரிவதில்லை. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போல் இருக்கிறதாம். காலடியில் கிடக்கும் வாளி தெரியாது, பக்கத்தில் வந்து நிற்கும் ஆள் தெரியாது. பொழுது சாய்ந்தால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். கெய்ரோவில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். மருந்து கிடையாது, வெளிநாட்டில் ஒரு மாதிரிக் கண்ணாடி இருக்கிறது, சுருங்கிய கண்ணுக்குக் கொஞ்சம் அகலமாகக் காட்டும், கிடைத்தால் வாங்கிக்கொடுங்கள் என்றாராம்.

அவளைப் பெற்றவள் என்னிடம் வந்து அழுதாள். கல்யாணமாகாத பெண் என்பதால் பெயரை எழுதவில்லை. நம் அப்பா கடைசியில் சுவரைத் தடவித் தடவி நடந்ததை நாம் பார்த்தவர்கள்தானே, அதனால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபத்ஹியிடம் கேட்டு எழுது.

இமாதுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா
சுஹைர்


ஹவல்லி, குவைத்
9 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் கண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. காரணம் ஒன்றுமில்லை, வீட்டு வேலைதான். முதுகு பரவாயில்லை. மஹ்ரூஸ் அண்ணனுக்கு இத்துடன் கம்பளிக் கழுத்துத்துணி ஒன்று வைத்திருக்கிறேன்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு பொருள் இருக்கும். ஒன்று கைப்பிடி போட்ட வட்டக் கண்ணாடி. பூதக்கண்ணாடிக்கு நேர் எதிர், எல்லாவற்றையும் சிறிதாக்கும். சிறிதாக்குவதால்தான் அந்தக் குறுகிய பார்வைக்குள் நிறைய அடங்குகிறது. வாசற்கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாடிப்படி முழுதும் தெரிகிறதே, அதே கதைதான். கையை நன்றாக நீட்டிப் பிடிக்க வேண்டும். முதலில் நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும்: கதவு எங்கே, நாற்காலி எங்கே, ஆள் எங்கே என்று. பிறகு அதை இறக்கிவிட்டு நடக்க வேண்டும். அதன் வழியே பார்த்துக்கொண்டே நடந்தால் விழுவாள். கிட்டே இருப்பதெல்லாம் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்.

இன்னொன்று மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுகிற பட்டை. கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால் பக்கத்தில் இருப்பதை இழுத்துவந்து காட்டும். முதல் வாரம் எல்லாம் குதிக்கும். தலை சுற்றும், வாந்தி வரும். வரட்டும். பயந்துபோய்க் கழற்றி வைத்தால் கண் பழகாது. கூடவே இருந்து தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இருட்டில் இரண்டும் உதவாது. கடைக்கு வருகிற ஒருவர் சொன்னதை எழுதுகிறேன்.

அக்கா, இப்போது என் பேச்சுக்கு வருகிறேன். என் பிள்ளை இமாதுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. கம்பெனியில் கணக்கு வேலை, நல்ல பெயர். காரை விற்றுவிட்டான், இந்த ஊர்ச் சாலையில் பைத்தியக்காரன்தான் ஓட்டுவான் என்கிறான். எனக்கும் நிம்மதி. அவனுக்கு வெளியில் பெண் எடுக்க எனக்கு விருப்பமில்லை. வெளியாட்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நம் ராவியா இருக்கும்போது நான் எதற்கு ஊரெல்லாம் அலைய வேண்டும்? நீ யோசித்துச் சொல். ரொம்ப யோசிக்காதே.

உன்
நஜ்வா


மன்சூரா
2 ஏப்ரல் 1986

என் கண்ணான நஜ்வாவுக்கு,

ஸலாம். நலம், நலமே வேண்டுகிறேன். உன் கடிதத்தை மஹ்ரூஸ் இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்து முடித்ததும் எழுந்து போய்த் தொழுதார். அதுவே எங்கள் பதில். ராவியாவைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள், பெண் பிள்ளை வேறு எப்படிச் சம்மதம் சொல்லும்? அடுத்த வருஷம் வரைக்கும் எதற்கு இழுக்க வேண்டும், இந்தக் கோடையிலேயே வாருங்கள்.

கண்ணாடிகள் பத்திரமாக வந்தன. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் வட்டக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிமுகப்பில் போய் நின்று கையை நீட்டிப் பிடித்தாள். சலவைக் கொடி, வாய்க்கால், எதிர்க்கரையில் கழுதை வண்டி, பேருந்துக்கு நிற்கிற சனம், எல்லாம் ஒரு சேரத் தெரிந்திருக்கிறது. “அம்மா, நம்ம ஊரு இவ்ளோ பெருசாம்மா? நான் துண்டு துண்டாதானே பாத்துட்டிருந்தேன்” என்றாள். என்றாளாம். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

பட்டைதான் சரிப்படவில்லை. வாந்தியைச் சொல்லவில்லை. அதை ஒட்டினால் கண்ணாடியில் கோடு கோடாகத் தெரிகிறது. தெருவில் போகிறவன் கூட இது என்ன என்று கேட்பான். அவள் அம்மா அதைப் பிரித்து எடுத்துவிட்டாள். வட்டக் கண்ணாடியையும் வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறாள். பள்ளி முற்றத்தில் அதை நீட்டிப் பிடித்தால் மற்ற டீச்சர்கள் சும்மா இருப்பார்களா?

நாள் குறித்து எழுது. ஃபத்ஹிக்கு எங்கள் ஸலாம்.

சுஹைர்


ஹவல்லி
20 மே 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ரமலான் வாழ்த்துகள். நோன்பு எல்லோருக்கும் லேசாக இருக்க அல்லாஹ் உதவட்டும். இங்கே இப்போதே அனல் கொட்டுகிறது.

ஜூலையில் வருகிறோம். நிச்சயத்தை வீட்டோடு, எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒரு யோசனை: எல்லோரையும் போல் ராத்திரி விளக்கெல்லாம் கட்டி வைக்க வேண்டாம். நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்ததும் வைத்துவிட்டால், பிற்பகல் அஸருக்குள் சனமும் கலைந்துவிடும். இமாதுக்குக் கூட்டமும் சத்தமும் பிடிக்காது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. பட்டையைப் பிரித்தது தப்பு. ஒளித்து வைத்துப் பழகுகிற பொருள் இல்லை அது. அவளைப் பெற்றவளிடம் சொல்லு. அவளுக்கு வரன் ஏதாவது வருகிறதா? வந்தால் மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் கட்டிக்கொடுப்பது பாவம், அக்கா.

ராவியாவுக்கு இளநீல நிறத்தில் துணி எடுத்திருக்கிறேன். அளவு அனுப்பு.

நஜ்வா


மன்சூரா
8 ஆகஸ்ட் 1986

என் தங்கைக்கு,

ஸலாம். நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நிச்சயத்தன்று நடந்த ஒன்றிரண்டைப் பற்றி நீ மனசில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபத்ஹி பக்கத்தில் வந்து அன்பளிப்போடு கை நீட்டியபோது ராவியா வாங்கிக்கொள்ளாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றாளே, அது வெட்கம். மாமனார் ஆகப்போகிறவர் என்றதும் திகைத்துவிட்டாள். ஷர்பத் தட்டு விழுந்ததும் என் தப்புதான், அவள் முழங்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மஹ்ரூஸின் அக்கா, “பொண்ணு மாப்ளய மட்டும்தான் பாக்குது, மத்தது எதுவும் அது கண்ணுல படல” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராவியாவுக்கு இமாதிடம் தனியாக ஏதோ பேச வேண்டுமாம். நீங்கள் கிளம்புகிற காலையில் என் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச வேண்டியதெல்லாம் பெரியவர்கள் பேசியாயிற்று என்று சொல்லிவிட்டேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு என்னதான் பேச்சோ.

நீ வரன் பற்றி எழுதியிருந்தாய். நம் அம்மாவைக் கட்டிக்கொடுத்தபோது அப்பாவைப் பற்றி யார் வந்து சொன்னார்கள்? அம்மா வாழவில்லையா?

பெருநாள் வருகிறது. உன் வீட்டில் அறுக்கும் இறைச்சியில் எங்கள் பங்கையும் நினைத்துக்கொள்.

சுஹைர்


ஹவல்லி
14 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். ராவியாவின் கூச்சத்தை நானும் ஃபத்ஹியும் ரசித்தோம். அதைப் போய்ப் பெரிதாக எழுதுகிறாயே. தப்பென்றால் எங்கள் பக்கம்தான். உன் வீட்டு மாடிப்படியில் இமாத் தடுமாறி விழப் போனான், தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கையை மிதித்துவிட்டான். புதுச் செருப்பு, அது வழுக்கும் என்று கடையிலேயே சொன்னேன், கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கை வீக்கம் வடிந்ததா?

அவனும் ராவியாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நின்றான். நான் விடவில்லை. ஆயுசு முழுக்கப் பேசிக்கொள்ளப் போகிறவர்கள். சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அவனைச் சமாதானப்படுத்தினேன்.

ஜனவரி நடுவில் பள்ளி விடுமுறை வருகிறதே, அப்போது கல்யாணத்தை முடித்துவிடுவோம். வேலையை ராஜினாமா செய்யச் சொல்லு. இங்கே வந்து அவள் வேலைக்குப் போக வேண்டிய அவசியமில்லை, வீட்டோடு இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் புதுப் பட்டை வந்திருக்கிறது, கோடு அவ்வளவாகத் தெரியாது என்கிறார் ஃபத்ஹி. அனுப்பட்டுமா?

நஜ்வா


மன்சூரா
11 அக்டோபர் 1986

நஜ்வாவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். ஜனவரி எங்களுக்குச் சம்மதம். மெத்தை தைக்க ஆள் சொல்லியாயிற்று. செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன்.

புதுப் பட்டை வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கல்யாணம் கூடி வந்துவிட்டது. தூரமாகப் போகிறாள். இனி அவளைப் பற்றி நாம் பேச ஒன்றுமில்லை.

சுஹைர்


ஹவல்லி
20 மார்ச் 1987

அம்மாவுக்கு,

ஸலாம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாள் தள்ளிப்போயிருக்கிறது. அதைக் கடைசியில் எழுதலாம் என்று நினைத்தேன், முதலிலேயே வந்துவிட்டது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இமாத் என்னை எங்கே கூட்டிப்போனாலும் அஸருக்கு முன்னால் கிளம்புவார், பொழுது சாயும் மஃரிபுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். பாங்கு சொல்லும்போது நாங்கள் வாசற்படியில் இருப்போம். என் கஷ்டம் தெரிந்துதான் இப்படி நடந்துகொள்கிறார், எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன். நீதானே சொன்னாய்: “உன் கண்ண பத்தி சித்திக்கு எல்லாம் எழுதிட்டேன். இமாதுக்கும் தெரியும். பரவால்லன்னுட்டான். ஆனா நீ அந்தப் பேச்ச எடுக்காதே, அவன் பெருந்தன்மைய சோதிச்ச மாதிரி ஆயிரும்.” அதனால் நான் எடுக்கவில்லை. தொழுதுவிட்டு அவருக்காக அழுதிருக்கிறேன் அம்மா, நன்றியில்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் துணிக்கடையில் நேரமாகிவிட்டது. வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. பெரிய சாலை. அதைத் தாண்டினால்தான் எங்கள் தெரு. ஓரத்தில் போய் நின்றோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். அவர் நடப்பார், நான் பின்னால் போகலாம் என்று நின்றேன். அவர் நடக்கவில்லை. “போலாமா?” என்று கேட்டார். “போலாம்” என்றேன். அப்புறமும் நின்றோம். வண்டிகளின் விளக்கு மட்டும் எனக்கு நேரே வந்து வந்து போயிற்று.

ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், பலஸ்தீனத்து ஆள், எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “என்னம்மா, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? இங்க பஸ் நிக்காதே” என்றார்.

இமாத் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “ராவியா, நீதான் கூட்டிட்டுப் போகணும். உனக்குத் தெரியும்ல, எனக்கு இருட்டுல ஒண்ணும் தெரியாது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எனக்குத்தானே தெரியாது” என்றேன்.

அந்த ஓரத்திலேயே நின்றபடி அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது, அம்மா. சித்தி அவரிடமும் அதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார். ராவியாவுக்கு எழுதிவிட்டேன், அவளுக்குச் சம்மதம், அந்தப் பேச்சை எடுக்காதே, பெண் சங்கடப்படுவாள் என்று. மூன்று வாரமாக அவரும் எனக்கு நன்றியோடு இருந்திருக்கிறார். நான் சமையலறையில் எதிலாவது இடித்துக்கொண்டால் புது வீடு, பழகவில்லை என்று நினைத்தாராம். அவர் கதவில் மோதினால் நானும் அப்படித்தான் ஏதாவது நினைத்துக்கொண்டேன்.

ரொட்டிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துச் சாலையைத் தாண்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் தன் அலமாரிக்குள்ளிருந்து வட்டக் கண்ணாடியை எடுத்தார். பட்டை ஒட்டிய மூக்குக்கண்ணாடியையும் எடுத்தார். இரண்டு வருஷமாக வைத்திருக்கிறார். கையை நீட்டிப் பிடி, நின்று பார், இறக்கிவிட்டு நட என்றெல்லாம் சித்தி உனக்கு எழுதியது இவர் வீட்டுக்குள் விழுந்து விழுந்து கற்றுக்கொண்ட பாடம். நான் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நீ என் பெட்டியிலிருந்து என்னுடையதை எடுத்து வைத்துக்கொண்டாய். “அங்க எதுக்கு” என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் கிழமையே இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். நீயும் சித்தியும் அக்கா தங்கை, அப்பாவும் மாமாவும் ஒரே குடும்பத்தவர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், தாத்தாவின் கண்ணைப் பற்றிக் கேட்டார். ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைகள் தப்பித்துக்கொள்ள வழி உண்டு, இரண்டு பேருக்கும் இதே நோய் என்றால் பிறக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் என்றார். ஒன்றுகூடத் தப்பாதா என்று இமாத் கேட்டார். தப்பாது என்று டாக்டர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நன்றாகப் பார்த்தேன். நேரே இருப்பது எனக்குத் தெரியும் அல்லவா?

இவர் நல்லவர்தான் அம்மா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் நாங்களே யோசித்து முடிவு செய்திருப்போம். ஒருவேளை கட்டிக்கொண்டும் இருப்போம். எங்களை யார் கேட்டீர்கள்?

நீ சித்திக்கு எழுதிய அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என் ஸலாத்தைச் சொல்.

ராவியா


ஹவல்லி
6 ஏப்ரல் 1987

சுஹைர் அக்காவுக்கு,

ஸலாம் சொல்லி ஆரம்பிப்பது முறை, அதனால் ஸலாம்.

நீ எனக்குச் செய்ததை எதிரி கூடச் செய்யமாட்டான். கண் தெரியாத பெண்ணை மூடி மறைத்து என் ஒரே மகன் தலையில் கட்டிவிட்டாய். பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்று கதை கட்டினாய். நான் என் கையாலேயே கண்ணாடி வாங்கி அனுப்பியிருக்கிறேன், பைத்தியக்காரி. இமாதுக்கு இருக்கிற சின்னக் குறைக்கு ஒரு நல்ல பார்வையுள்ள பெண் வந்தால் கைத்தாங்கலாக இருப்பாள் என்றுதான் நான் உன் வீட்டுக்கு வந்தேன். இப்போது யாரை யார் தாங்குவது?

இமாத் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறான். இதற்குத்தான் பெற்றேனா?

அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நஜ்வா


மன்சூரா
2 மே 1987

நஜ்வாவுக்கு,

ஸலாம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் இதை எழுதுகிறேன். ஆகவே பொய் எழுதப்போவதில்லை.

பக்கத்து வீடு என்று எழுதினேன். நீ பிறந்து வளர்ந்த வீட்டில்தான் நான் இன்னும் இருக்கிறேன். அதற்கு ஒரு பக்கம் பஞ்சாலை மதில், மறுபக்கம் வாய்க்கால். எங்கே இருக்கிறது பக்கத்து வீடு? எந்த வீடு, யார் மகள் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் நீ பெண் கேட்க முடியாது. என் முதல் கடிதம் வந்ததும் பதில் எழுத ஓடவில்லை என்றாயே. வீட்டு வேலையா? ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தாய். குறையுள்ள பெண்தான் உன் மகனைக் குறை சொல்லமாட்டாள் என்று முடிவு செய்தாய்.

எனக்கும் தெரியும். “வாந்தி வரும், வரட்டும், தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்” என்று எழுதியிருந்தாய். கடைக்கு வருகிறவனின் வாந்தியைப் பற்றி எந்தப் பெண்ணும் அப்படி எழுதமாட்டாள். பெற்றவள்தான் எழுதுவாள். அந்த வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. காரை விற்றதும், பகலில் நிச்சயம் வைக்கச் சொன்னதும், பிள்ளையின் கையை மிதித்ததும் மிச்சத்தைச் சொல்லின. தெரிந்தேதான் கொடுத்தேன். வேறு யார் அவளைக் கட்டுவார்கள்? நம் இரண்டு பேருக்கும் வரவில்லையே, ஒரு தலைமுறை தாண்டித்தான் போகும் என்று நினைத்தேன். பேரப் பிள்ளைகள் தப்பித்துவிடும் என்று நினைத்தேன். நீயும் அதைத்தானே நினைத்தாய்?

ஆகவே எனக்குச் சாபம் விடாதே. நாம் இரண்டு பேரும் சேர்ந்து விரித்த பாயில் நம் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். நீ இனி எழுத வேண்டாம்.

சுஹைர்


ஹவல்லி
19 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எழுத வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். மஹ்ரூஸ் அண்ணன் நலமா? உனக்கு ரத்த அழுத்தம் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். உப்பைக் குறை.

அக்டோபர் கடைசியில் ராவியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜுமானா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாயும் சேயும் நலம். உனக்கு எழுதமாட்டாள் என்று தெரியும், அதனால்தான் நான் எழுதுகிறேன். கோடையிலேயே எங்களை விட்டுத் தனி வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தையை ஒரு தடவை என் மடியில் வைத்தாள். கண்ணைப் பார்த்தேன். உன் கண் அக்கா, அதே தேன் நிறம். சுற்றி அத்தனை இமை.

அவர்கள் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் கோடு போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டுறவுக் கடைக்குப் போகிறார்கள். ஆளுக்கொரு வட்டக் கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அலமாரி முன்னால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவள் பருப்பு எங்கே என்று பார்க்கிறாள், அவன் எண்ணெய் எங்கே என்று பார்க்கிறான். சனம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது. கேட்கிறவர்களிடமெல்லாம் என்ன நோய் என்று விளக்கம் சொல்கிறார்கள். வீட்டுக்காரனிடம் சொல்லியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரி ஆயாவிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் குடும்பப் பெயர் ஹவல்லி முழுக்க நாறுகிறது.

இமாத் என்னிடம், “அம்மா, ஜுமானாவுக்கும் இது வரும். யாராவது கேட்டா அப்படியே சொல்லு” என்றான். பெற்றவன் வாயால் சொல்கிற வார்த்தையா இது?

எதிர்வீட்டு மன்சூராக்காரி வந்து கேட்டாள். டாக்டர் பார்த்துவிட்டார், குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, தாய் தகப்பனோடு போயிற்று என்று சொல்லிவிட்டேன். அவள் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாள். உன்னைப் பார்த்தால் கட்டாயம் கேட்பாள். நம் இரண்டு பேர் வார்த்தையும் ஒன்றாக இருக்க வேண்டும், அக்கா. அதற்காகத்தான் எழுதினேன்.

உன்
நஜ்வா


மன்சூரா
6 டிசம்பர் 1987

என் உயிருக்குயிரான தங்கை நஜ்வாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் எல்லோரும் நலம். உன் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். நமக்குள் என்ன கோபம், ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். உப்பைக் குறைத்துவிட்டேன்.

பேத்தி பிறந்த சேதியை அப்பா வழிச் சொந்தங்களுக்கெல்லாம் ஷர்பத் கொடுத்துச் சொல்லியாயிற்று. நீ கவலைப்படாதே. உன் கடிதம் வருவதற்கு முன்பே, ரயிலடியில் ஒருவர் சொல்லி மஹ்ரூஸுக்குப் பிள்ளை பிறந்தது தெரிந்த அன்றே, நானும் அப்படித்தான் சொல்லிவிட்டேன். கண் பருந்துக் கண், மாஷா அல்லாஹ், தாய் தகப்பனிடம் உள்ளது ஒன்றும் ஒட்டவில்லை என்று. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். உன் எதிர்வீட்டுக்காரி வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெண் குழந்தை. இதுகள் இரண்டும் இன்றைக்குக் கோபத்தில் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டால், நாளைக்கு அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டாமா? அதை நாம்தானே யோசிக்க வேண்டும்.

குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னி இத்துடன் அனுப்புகிறேன். நான் பின்னினது என்று சொல்லாதே, கடையில் வாங்கினதாகச் சொல்லிக் கொடு. வாங்கிக்கொள்வாள்.

ஃபத்ஹியின் தம்பி வீட்டுப் பையனுக்கு இப்போது நாலு வயது இருக்குமா? சும்மாதான் கேட்டேன்.

எல்லோருக்கும் என் ஸலாமும் முத்தங்களும்.

உன் அக்கா
சுஹைர்